குழந்தையின் மார்புப் படம்

ஒரு சொல்லின் பொருளை இடம் நோக்கித் துணிதல் வேண்டும் என்பது தமிழ் பயிலும் யாம் அறிந்ததே. எக்ஸ் கதிர்ப் படத்திற்கும் அம்முறையே பொருந்தும்.

1895-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் கண்டறிந்த இக்கதிர், காற்றுள்ள இடத்தை எளிதிற் கடக்கும். என்பும் நீரும் அதனைத் தடுக்கும். ஆகவே படத்தில் நலமுற்ற நுரையீரல் கருமையாகவும், எலும்பு வெண்மையாகவும் தோன்றும். நிமோனியாவில் நுரையீரற் காற்றறைகளில் நீரும் சீழும் நிறைதலின், ஆங்கு வெண்படலம் காணப்படும்.

எனினும் வெண்மையெல்லாம் நோயன்று. கைக்குழந்தையின் நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பி, சிலகால் கப்பற்பாய் போல் விரிந்து நிழலிடும், அஃது இயல்பே. அழுங் குழந்தை மூச்சை வெளிவிட்ட கணத்தில் எடுத்த படமும் வெளுத்துத் தோன்றும். நோயே எனினும், அதனை விளைத்தது வைரஸோ பாக்டீரியாவோ எனப் படங்கொண்டு மட்டும் துணிதல் அரிது. நோயின் தொடக்கத்திற் படம் மாசின்றி இருத்தலும், குணமடைந்த பின் நிழல் சில வாரம் நிற்றலும் உண்டு.

ஆதலின் படத்தினும் குழந்தையை முன்னர் நோக்குக. அமைதியாயிருக்கையில் நிமிடத்திற்கு, 2 திங்கள் நிறைந்து ஓராண்டு நிரம்பாத குழந்தை 50 முறையேனும், 1 முதல் 5 ஆண்டு வரையுள்ளது 40 முறையேனும் மூச்சுவிடின், அதனை விரைந்த மூச்சென உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. மூச்சிழுக்குங்கால் மார்பின் கீழ்ப்புறம் உட்குழிதல், பால் பருகாமை, உதடு நீலித்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும், படத்திற்குக் காத்திராது உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

கற்றவர் என நம்பி அறிக்கையை நம் கையில் நீட்டுவார்க்கு, யாம் ஒரு சொல்லைக் கண்டு அஞ்சுவித்தலும் ஆகாது. வீணே தேற்றுதலும் ஆகாது. குழந்தையையும் படத்தையும் ஒருங்கு நோக்கும் மருத்துவர்பால் அவரைச் செலுத்துதலே யாம் செய்யத்தக்க உதவியாம்.