மூன்று புள்ளி தூங்கவிடவில்லை

கேள்வி: நான் தாராவியில் வளர்ந்தவன். இளவயதில் கபடி ஆடியிருக்கிறேன். இப்போது 52 வயது, தாணேயில் குடியிருக்கிறேன். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், நம் பெண்கள் கபடி அணி இறுதி ஆட்டத்தில் ஈரானிடம் 24-27 என்று தோற்றது. போன மாதம் அந்த வீடியோ கைபேசியில் வந்தது. அதிலிருந்து இரவெல்லாம் கடைசி நிமிடங்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை. கபடி ஆடும் என் மகளே, "விடுங்கப்பா" என்கிறாள். இது மனநோயா டாக்டர்?
- எம்.கே., தாணே

பதில்: பயப்படாதீர்கள். நீங்கள் எழுதியவற்றில் மனநோயின் அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உயிராக நேசித்த ஆட்டம் கைக்கு எட்டி நழுவியதை மனம் இன்னும் ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள்தான் நம் ஆண்கள் அணி அரையிறுதியில் அதே ஈரானிடம் 18-27 என்று தோற்றது. 1990 முதல் ஏழு முறை தொடர்ந்து தங்கம் வென்ற அணி. வரலாற்றில் அதுதான் பெரிய அடி. ஆனால் அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை! ஒன்பது புள்ளி வித்தியாசத்தை மனம் ஒப்புக்கொண்டுவிடுகிறது. மூன்று புள்ளி என்றால் ஒப்புக்கொள்வதில்லை. ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டிருந்தால் சமன் ஆகியிருக்குமே என்று கணக்குப் போடுகிறது. இதை 'எதிர்நிகழ்வுச் சிந்தனை' (நடக்காததை நடந்ததாக எண்ணிப் பார்ப்பது) என்கிறோம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வீரர்களின் முகங்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள், வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே அதிக மகிழ்ச்சியோடு இருந்ததைக் கண்டார்கள். வெள்ளி வாங்கியவருக்குத் தங்கம் கண்ணெதிரே நழுவியது. வெண்கலம் வாங்கியவருக்கோ பதக்கம் கிடைத்ததே பெரிது.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் வெறும் பார்வையாளர் அல்ல. மூச்சை அடக்கிப் பாடிப் போன உடம்பு உங்களுடையது. அந்தப் பெண்கள் கோட்டைத் தாண்டும்போது உங்களுக்கும் அட்ரினலின் (உடலை முடுக்கும் சுரப்புநீர்) ஊறுகிறது. நள்ளிரவில் அது ஊறினால் தூக்கம் எப்படி வரும்?

படபடப்பை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். 2006 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி ஆடிய நாட்களில், மியூனிக் பகுதியில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சை தேவைப்பட்டவர்கள் வழக்கத்தைவிட சுமார் 2.7 மடங்கு அதிகம். உங்களுக்கு 52 வயது. இந்த வாரமே ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. (இதயத் துடிப்பின் வரைபடம்) மூன்றையும் பார்த்துவிடுங்கள். நெஞ்சு வலித்து வியர்த்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காத்திருக்கவே கூடாது.

இரவு ஒன்பதுக்கு மேல் அந்த வீடியோ வேண்டாம். "பார்க்கவே கூடாது" என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், முதல் நிமிடத்திலிருந்து முழுதாகப் பாருங்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் தாளில் குறிக்கட்டும். இடைவேளையில் நாம் 13-11 என்று முன்னிலையில் இருந்தோம். அதன்பின் ஈரான் பெண்கள் எப்படிப் பிடித்தார்கள், எங்கே பொறுத்திருந்தார்கள் என்று ஆட்டக்காரரின் கண்ணால் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்களுடைய பயிற்சியாளர் ஷைலஜா ஜெயின், நாசிக்காரர். உங்கள் மாநிலத்துக் கபடிதான் அன்று எதிர்ப்பக்கமும் நின்றது.

அடுத்த ஞாயிறு 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் போடுங்கள். சீன தைபேயை நம் பெண்கள் 26-25 என்று வென்று தங்கத்தை மீட்டார்கள். வித்தியாசம் ஒரே புள்ளி. ஆட்டம் முடிந்ததும் தைபே பெண்களின் முகங்களையும் மகளுக்குக் காட்டுங்கள். இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் திரும்பாவிட்டால், இ.சி.ஜி. முடிவோடு மறுபடி எழுதுங்கள்.