பனிமலையில் வளரும் இஞ்சியினச் செடி

இஞ்சியும் மஞ்சளும் உஷ்ணப் பிரதேசத்துப் பயிர்கள் என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. அக்குடும்பத்தையே சேர்ந்த ராஸ்கோயா என்னும் செடியினமோ இமயமலைச் சாரலில் பனி பெய்யும் உயரங்களில் செழித்து வளர்கிறது. லிவர்பூல் நகரத்து வில்லியம் ராஸ்கோ என்பாரைக் கௌரவிக்கும்பொருட்டு, ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித் என்னும் தாவர சாஸ்திரி 1806-ம் வருஷத்தில் இதற்கு இப்பெயரை இட்டார்.

இச்செடி குளிரை எதிர்த்து நிற்பதில்லை, அதற்கு ஒதுங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் தழைத்துப் பூக்கிறது. பின்பு மஞ்சளைப் போலவே இலை காய்ந்து மடிகிறது. பனிக்காலம் முழுவதும் சதைப்பற்றுள்ள வேர்களும் முளையும் மண்ணுக்குள் உறங்குகின்றன. உறைபனி நீங்கிய பின்னரே முளை வெளிவரும். இங்கிலாந்துத் தோட்டங்களில் இதனைச் சுமார் அரையடி ஆழத்தில் நடுவது இக்காரணம் பற்றியே. குளிரினும் மிகுந்த கேடு செய்வது நீர்த்தேக்கம். ஈரம் வடியாத நிலத்தில் உறங்கும் வேர் அழுகிவிடும்.

செடியைக் காக்கும் இவ்வேரே அதற்கு ஆபத்தாகவும் முடிகிறது. ஆயுர்வேதம் கூறும் அஷ்டவர்க்க மூலிகைகளுள் ஒன்றான காகோலியாக இவ்வேர் கொள்ளப்படுவதால், மலைகளில் அதனைத் தோண்டி விற்போர் உளர். விதை முற்றுமுன் தோண்டினால் வேரும் போயிற்று, விதையும் போயிற்று. ஆகையால் இலை காய்ந்து விதை உதிர்ந்த பின்னரே தோண்டுதல் வேண்டும். முளையோடு கூடிய பாகத்தை அவ்விடத்திலேயே மீண்டும் புதைத்தல் அவசியம். முளையற்ற வேர் துளிர்க்காது. காட்டில் தேடுவதை விடுத்து, தோட்டத்தில் முளைகளைப் பகுத்து நட்டுப் பெருக்குவது அதனினும் நன்று. விதைநெல்லைக் குத்தி உண்டவன் நிலை மலைவாசிகளுக்கு நேராதிருக்க இதுவே வழியாகும்.