பாடிச் செல்பவரா, பிடிப்பவரா?

புரோ கபடி லீக்கின் ஏலம் முடிந்து அணிப் பட்டியல்கள் வெளிவந்துவிட்டால், காரைக்காலில் எங்கள் நண்பர் வட்டத்திற்குள் ஆண்டுதோறும் தவறாமல் எழுகிற விவாதம் ஒன்று உண்டு. எண்மராகக் கூடிக் கற்பனை அணிகளை அமைக்கையில், கையில் கிடைக்கும் முதல் வாய்ப்பைப் பாடிச் செல்லும் ரைடருக்குக் கொடுப்பதா, பிடித்து நிறுத்தும் டிஃபெண்டருக்குக் கொடுப்பதா என்பதே அது. இவ்விஷயத்தில் பல பருவங்களாக ஈடுபட்டு வந்தவன் என்ற முறையில், அனுபவம் எனக்கு உறுதிப்படுத்திய சில அபிப்பிராயங்களை, இதே விளையாட்டில் இறங்க விரும்பும் அன்பர்களுக்குப் பிரயோஜனப்படும் என்ற எண்ணத்தில் எழுத முற்படுகிறேன்.

முறை எளியது. சீட்டுக் குலுக்கி வரிசை நிர்ணயித்துக்கொள்வோம். ஒருவர் எடுத்த வீரரை மற்றொருவர் எடுக்கலாகாது. முதல் சுற்றில் எட்டாவதாக வந்தவர் இரண்டாம் சுற்றில் முதலாவதாக எடுப்பார். ஆளுக்கு மூன்று ரைடர், நான்கு டிஃபெண்டர். அவ்வெழுவரும் மெய்யான ஆட்டங்களில் ஈட்டும் புள்ளிகளே நம் புள்ளிகள். பிடி ஒன்றுக்குக் கிடைக்கும் புள்ளியை மட்டும் இரட்டித்துக் கணக்கிடுவோம். அந்த இரட்டிப்பு ஏன் வேண்டும் என்பதை இரண்டு எண்களே விளக்கிவிடும்: 2017-ஆம் ஆண்டுப் பருவத்தில் பாட்னா பைரேட்ஸின் பிரதீப் நர்வால் பெற்ற ரைடு புள்ளிகள் 369, அடுத்த ஆண்டு, பிடிப்பதிலே மகத்தான சாதனை என்று போற்றப்பட்ட யூ.பி. யோதா அணியின் நிதேஷ் குமார் பெற்ற தடுப்புப் புள்ளிகள் 100. இரட்டிப்பு இல்லாத வட்டத்தில் டிஃபெண்டரைப் பற்றி விவாதிப்பதே வீண். ஆகையால், எந்த வட்டத்தில் சேர்ந்தாலும் வீரர் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் புள்ளி விதிகளைப் படியுங்கள். ரைடரா டிஃபெண்டரா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.

இத்தகைய விளையாட்டின் பூர்வீகம் அமெரிக்கா. அந்நாட்டுக் கால்பந்தில், ஓக்லாந்து அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான பில் விங்கன்பாக் என்பவர் 1962-இல் தம் சகாக்களோடு சேர்ந்து இதற்கு வடிவம் கொடுத்தார். பந்தைச் சுமந்து எதிரிகளின் கூட்டத்தைப் பிளந்து ஓடுகிறவரை முதலில் எடுப்பதா, தொலைவில் விலகி ஓடி, வீசப்படும் பந்தை ஏந்திப் பிடிக்கிறவரை எடுப்பதா என்று அவர்களிடையேயும் தீராத தர்க்கம் ஒன்று இன்றுவரை நடந்துவருகிறது. சுமந்து ஓடுகிறவர் ஓர் அணிக்குப் பெரும்பாலும் ஒருவரே. ஒவ்வொரு ஓட்டத்திலும் அடிபடுகிறவரும் அவரே. எனவே அவருக்கு மதிப்பும் அதிகம், ஆபத்தும் அதிகம். ஏந்திப் பிடிக்கிறவர்கள் தொகையில் மிகுந்தவர்கள், உடல் தேயாமல் நீண்ட காலம் ஆடுகிறவர்கள். இதைப் படித்தபோது, பெயரையும் பந்தையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் நம் சடுகுடுவின் பிரச்சினையே அங்கும் இருக்கிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். லீக்கில் 12 அணிகள். ஓர் ஆட்டம் 40 நிமிடம், ஒரு ரைடு 30 வினாடி, இரு அணியும் மாறிமாறிப் பாடுகின்றன என்றால், ஓர் அணிக்கு ஏறத்தாழ 40 ரைடுகளே கிடைக்கும். அந்த 40-இல் மிகப் பெரிய பங்கை எவர் பெறுகிறாரோ அவரே முதன்மை ரைடர். அவரும் அணிக்கு ஒருவர்தான். எங்கள் வட்டத்திற்கு வேண்டிய ரைடர்களோ 24 பேர். பன்னிரண்டு முதன்மை ரைடர்களில் எண்மரை முதல் சுற்றே விழுங்கிவிட்டால், மீதி நால்வருக்குப் பிறகு நாம் எடுப்பவரெல்லாம் பிறர் விட்டுவைத்த ரைடுகளுக்குக் காத்திருப்பவர்களே. மறுபுறம், அணிக்கு ஓரங்களில் நிற்கும் இரண்டு கார்னர், அவர்களுக்கு உட்புறமாக நிற்கும் இரண்டு கவர் என்று டிஃபெண்டர்கள் 48 பேர் களத்தில் நிற்க, எங்களுக்கு வேண்டியவர்கள் 32 பேர்தான். முதல் தரக் கார்னர் கிடைக்காதவருக்கும் இரண்டாம் தரக் கார்னர் நிச்சயம் உண்டு. முதன்மை ரைடர் கிடைக்காதவருக்கு அத்தகைய ஆறுதல் இல்லை.

கிளிஞ்சல்மேட்டைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பொங்கலையொட்டிக் கடற்கரைக் கிராமங்களில் நடக்கும் ஆட்டங்களில் தம் இளமைக் காலம் முழுவதும் ஆடியவர், எங்கள் தேர்வுக் கூட்டத்திற்கு ஒருமுறை வந்து அமர்ந்திருந்து, நாங்கள் சென்ற பருவத்துப் புள்ளிகளை ஒப்பிட்டு வாதிடுவதைக் கேட்டுவிட்டு, "புள்ளிய எண்ணாத தம்பி, எத்தன தடவ ஏறிப் போறான்னு எண்ணு" என்றார். அதைவிடச் சிறந்த உபதேசம் இத்துறையில் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. புள்ளி என்பது சாமர்த்தியத்தாலும் அதிர்ஷ்டத்தாலும் ஏறி இறங்குவது. ரைடுகளின் எண்ணிக்கையோ பயிற்றுநர் ஒருவர்மீது வைத்திருக்கும் நம்பிக்கையின் அளவு. அது அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. அணி தோற்றாலும்கூட அது பெரும்பாலும் மாறுவதில்லை என்பதற்கு 2023-இல் தொடங்கிய பத்தாம் பருவத்தின் தெலுங்கு டைட்டன்ஸ் அணியே சாட்சி. 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு அவர்கள் ஏலத்தில் எடுத்த பவன் சேராவத் 200 ரைடு புள்ளிகளைக் கடந்தார். அணியோ 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளோடு பட்டியலின் கடைசி ஸ்தானத்தில் நின்றது. டைட்டன்ஸ் ரசிகருக்கு அது துக்கமான பருவம். பவனைத் தம் கற்பனை அணியில் வைத்திருந்தவருக்குக் குறை சொல்ல ஏதுமில்லை.

இனி ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவர்களாயினும், நாற்புறத்தில் கடல் போக மீதியெல்லாம் தமிழ்நாடாகவே சூழ்ந்திருக்கும் எங்களுக்குத் தமிழ் தலைவாஸே சொந்த அணி. ஆதலால் 2022-ஆம் ஆண்டு ஒன்பதாம் பருவத்தின் நிகழ்ச்சி எங்களில் எவருக்கும் மறக்கக்கூடியதன்று. அதுவரை லீக்கில் எவருக்கும் கொடுக்கப்படாத 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்துத் தலைவாஸ் எடுத்த அதே பவன் சேராவத், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயமுற்று, பிறகு அப்பருவம் முழுவதும் களமிறங்கவே இல்லை. அணி அதோடு முடிந்தது என்று எண்ணாதவர் அன்று எவரும் இல்லை. ஆனால் நடந்தது வேறு. நரேந்தர் என்னும் புதிய இளைஞர் அந்த ரைடுகளையெல்லாம் தம் தோளில் ஏற்று 240-க்கு மேற்பட்ட ரைடு புள்ளிகளைக் குவித்தார். வலது கார்னரில் சாகரும், இடது கார்னரில் சாஹில் குலியாவும், கவரில் நம் தமிழ்நாட்டு அபிஷேக்கும் பிடிக்கும் பணியைத் தாங்கினர். தலைவாஸ் தன் சரித்திரத்தில் முதல் முறையாக அரையிறுதியை அடைந்தது.

இந்த ஒரு பருவத்திற்குள் ரைடர் தேர்வு பற்றிய இரண்டு பாடங்கள் அடங்கியிருக்கின்றன. முதன்மை ரைடர் விழுந்தால் அவருடைய ரைடுகள் காற்றில் மறைந்துபோவதில்லை. அதே அணியின் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்கின்றன. ஆகவே, எந்த ரைடருக்காக முதல் வாய்ப்பைச் செலவிட்டீர்களோ, அவருக்கு அடுத்து நிற்பவர் எவரென்று அறிந்து, அவரைக் கடைசிச் சுற்றில் எடுத்துவைத்துக்கொள்வது விவேகம். இரண்டாவதாக, புகழ் பெறாத ரைடர் ஒரே பருவத்தில் பெரும் வீரராக மலர்வது இந்த ஆட்டத்தின் சுபாவம். 2024-இல் பாட்னாவின் தேவங்க் தலால் 301 ரைடு புள்ளிகளோடு அப்பருவத்தின் முதல் ரைடராக விளங்கியதும், மறு ஏலத்தில் 2 கோடிக்கு மேல் மதிக்கப்பட்டதும் நாம் கண்ணெதிரே கண்டவை. மூன்றாவது ரைடரின் இடத்தை இத்தகைய இளைஞருக்காக ஒதுக்கிவைப்பதே என் வழக்கம்.

டிஃபெண்டர்களிடம் வருகிறேன். ஆயுளில் இவர்கள் பாக்கியசாலிகள். நம் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன், 1975-இல் பிறந்தவர், 2016-இல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றபோது 40 வயதைக் கடந்திருந்தார். 2019-இலும் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். அந்த வயதில் முதன்மை ரைடராக ஒருவர் நீடிப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. ஈரானிய வீரர் முகமது ரெசா ஷாட்லூயி 2023-இல் 2 கோடியே 35 லட்சம் ரூபாய்க்குப் புனேரி பல்டனுக்குச் சென்றார். அவர்கள் சாம்பியன் ஆயினர். அடுத்த பருவத்தில் ஹரியானாவுக்குச் சென்றார்; அவர்களும் சாம்பியன் ஆயினர். பிடிப்பதோடு நில்லாமல் பாடவும் செல்லும் அவரைப் போன்றவர் ஒருவருக்கு மட்டும் முதல் வாய்ப்பு ரைடருக்கே என்ற என் விதியைத் தளர்த்தி, முதல் சுற்றிலேயே டிஃபெண்டரை எடுக்கலாம் என்று சம்மதிப்பேன்.

மற்றவர்களைத் தேர்ந்தெடுக்கையில், கவரைவிடக் கார்னருக்கே முன்னுரிமை தாருங்கள். ரைடரின் கணுக்காலைப் பற்றும் சந்தர்ப்பம் அவர்களையே அதிகம் தேடி வருகிறது. பிறகு அந்தக் கார்னரின் அணியிலுள்ள ரைடர்களைப் பாருங்கள். வெளியேறிய டிஃபெண்டர் தம் அணி புள்ளி எடுத்தால்தான் உயிர் பெற்று மீள்கிறார். ரைடர்கள் சோர்ந்த அணியில் அவர் பெஞ்சில் அமர்ந்தே ஆட்டத்தின் பெரும்பகுதியைக் கழிக்க நேரிடும். இதற்கு மாறான வாதமும் உண்டென்பதை மறைக்கமாட்டேன்: களத்தில் மூவரோ அதற்குக் குறைந்தவரோ நிற்கும்போது பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி, நலிந்த அணிக்கே அந்த நிலை அடிக்கடி வாய்க்கிறது. எங்கள் வட்டத்தில் இதை நம்பி நலிந்த அணிகளின் கார்னர்களையே தேடி எடுக்கும் நண்பர் ஒருவர் உண்டு. சில வாரங்களில் அவர் எங்களையெல்லாம் தாண்டிச் சென்றுவிடுவார். ஆனால் பருவம் முழுவதையும் கூட்டிப் பார்க்கையில், வலுவான அணியின் கார்னரே நின்று பலன் தருகிறார் என்பது என் அபிப்பிராயம்.

வரிசையில் உங்கள் இடமும் முக்கியம். முதலாவதாக எடுப்பவருக்கு அடுத்த முறை வருவது பதினாறாவது வாய்ப்பில். அதற்குள் முதன்மை ரைடர்கள் தீர்ந்திருப்பார்கள். அவர் ஒரு ரைடரை எடுத்துவிட்டு, பதினாறிலும் பதினேழிலும் இரண்டு கார்னர்களை எடுக்கட்டும். எட்டாவதாக வருபவருக்கு எட்டும் ஒன்பதும் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. இரண்டிலும் ரைடரையே எடுத்துவிடலாம். முதல் தரக் கார்னர் ஒருவரை இழந்தாலும், பிறர் எவருக்கும் எளிதில் வாய்க்காத இரட்டை முதன்மை ரைடர் பலம் அவருக்கு அமைந்துவிடுகிறது.

சொந்த ஊர் அபிமானத்தைத் தேர்வுக் கூட்டத்தின் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். தலைவாஸ் வீரர் என்பதற்காக ஒருவரை இரண்டு சுற்று முன்னதாக எடுக்கும் ஆசை எங்கள் எல்லோருக்கும் உண்டு. அந்த அன்பை ஆட்டம் பார்க்கும்போது செலுத்துவதே அழகு.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வட்டத்தில் காசு வைப்பதில்லை, வைக்கவும் விடுவதில்லை. இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடைசெய்ததற்கு வெகுகாலம் முன்பிருந்தே எங்களுக்கு இது நியதி. காசு புகுந்த இடத்தில் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு செத்துவிடுகிறது. வீரரின் முழங்கால் காயம்கூட ஒரு மனிதனின் வேதனையாகத் தோன்றாமல் நஷ்டக் கணக்காக மாறிவிடுகிறது. இளைஞர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பருவத்தின் ஏலம் முடிந்ததும், 12 அணிகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் முதன்மை ரைடர் யார், அவருக்கு அடுத்தவர் யார், இரு கார்னர்கள் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு அமரும் நாளில் வேறெதுவும் கையில் இருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு தாள் போதும்.