அர்ஜுனன் மீண்டும் கேட்டபோது

குருக்ஷேத்திரப் போர் முடிந்துவிட்டது. இந்திரப்பிரஸ்தத்துச் சபா மண்டபத்தில் ஸ்ரீகிருஷ்ணரும் அர்ஜுனனும் மகிழ்ச்சியோடு இருக்கிறார்கள். ஸ்ரீகிருஷ்ணர் துவாரகைக்குத் திரும்பும் நேரம் நெருங்கிவிட்டது. அப்போது அர்ஜுனன் ஒரு விண்ணப்பம் செய்கிறான். போர்க்களத்தில் நட்பினால் தனக்கு உபதேசித்தவை எல்லாம் மனத்தடுமாற்றத்தால் மறந்துபோயின என்றும், அவற்றை மீண்டும் கேட்க ஆவலாயிருப்பதாகவும் அவன் கூறுகிறான்.

மகாபாரதத்தின் அசுவமேதிக பர்வத்தில் வரும் இக்காட்சி, கீதையை நாள்தோறும் பாராயணம் செய்வோரிலும் பலர் அறியாதது. 18-ஆம் அத்தியாயம் முடிந்ததும் நூலை மூடிவைப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே மயக்கம் தீர்ந்தது என்று உறுதி கூறிய அதே அர்ஜுனன்தான் இங்கே மறந்துவிட்டதாகச் சொல்கிறான்.

ஸ்ரீகிருஷ்ணர் அவனைத் தழுவிக்கொள்கிறார், கடிந்தும் கொள்கிறார். அன்று யோகத்தில் நிலைத்து உரைத்ததை அப்படியே முழுவதுமாக மறுபடி உரைக்க இயலாது என்கிறார். பிறகு பழைய வரலாறு ஒன்றின் வாயிலாக அதே பொருளை விளக்கத் தொடங்குகிறார். அதுவே அனுகீதை.

எல்லாம் அறிந்தவருக்கு ஏன் இயலாது என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் அர்ஜுனன் கேட்டது எது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் ஞானத்தோடு சேர்த்து அந்த நாளையும் திரும்பக் கேட்டான். சேனைகளின் நடுவே நின்ற தேர், கலங்கிய நெஞ்சம், தனக்காகவே பேசிய தோழர் ஆகிய அனைத்தும் மீண்டும் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அது.

இவ்விருவரின் உறவு ஒருபோதும் ஒரே வடிவில் நின்றதில்லை. அத்தை மகன், தங்கையின் கணவன், காண்டவ வனத்தில் உடன் நின்ற தோழன் என்று வளர்ந்த உறவு, போரில் தேரோட்டியும் வீரனுமாக மாறியது. 2-ஆம் அத்தியாயத்தில் தோழன் சீடனாகிறான். 11-ஆம் அத்தியாயத்தில் இறைவடிவைக் காண விரும்பியவன் அவனே. கண்டதும் நடுங்கியவனும் அவனே. விளையாட்டிலும் உணவு வேளையிலும் உரிமையோடு பெயர் சொல்லி அழைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறான். பழைய வடிவையே காட்டுமாறு வேண்டுகிறான். அந்த அச்சத்தை யாரும் குறை கூற முடியாது. ஸ்ரீகிருஷ்ணரும் குறை கூறவில்லை. விசுவரூபம் காட்டிய அவரே, ஜயத்ரதன் வீழ்ந்த நாளில் போர்க்களத்தின் நடுவே குதிரைகளுக்கு நீர் காட்டினார்.

மகனின் திருமணத்திற்குப் பின் ஒரு தாய், அவன் முன்போல் எல்லாவற்றையும் தன்னிடம் சொல்வதில்லை என்று வருந்துகிறாள். ஆசிரமங்களிலும் இது நிகழ்வதுண்டு. ஒரு காலத்தில் குருவின் அறைக்குள் தயக்கமின்றிச் சென்றுவந்த பக்தர், இன்று வரிசையில் நின்று வணங்கிவிட்டு நகர வேண்டியிருக்கிறது. அன்பு குறைந்துவிட்டது என்று மனம் உடனே தீர்ப்பெழுதிவிடுகிறது. பழைய நாளோடு ஒப்பிட்டே அந்தத் தீர்ப்பு எழுதப்படுகிறது. இன்று கிடைப்பது அனுகீதையாக இருக்கலாம். கீதை கிடைக்கவில்லையே என்று ஏங்கும் செவியில் அது விழுவதில்லை.

இதைப் பற்றின்மை என்ற பெயரில் வறண்ட மனமாகப் புரிந்துகொள்வது தவறு. ஸ்ரீகிருஷ்ணர் மறுப்பதற்கு முன் தழுவிக்கொண்டார் என்பதை இதிகாசம் மறக்காமல் குறிப்பிடுகிறது. அனுகீதையின் நிறைவில், குருவும் தாமே, சீடனோ மனம் என்று அவர் வெளிப்படுத்துகிறார். தேர்த்தட்டில் எதிரே நின்றவரை இனி அர்ஜுனன் உள்ளே தேட வேண்டும்.

அது அவனுக்கு எளிதில் கைவரவில்லை. ஸ்ரீகிருஷ்ணர் மறைந்தபின், துவாரகையின் பெண்களை அழைத்துவந்த வழியில் காண்டீவத்தில் நாணேற்றவே அவன் திணறினான். அஸ்திரங்கள் நினைவுக்கு வரவில்லை. அவற்றின் பணி முடிந்துவிட்டது என்று வியாசர் எடுத்துரைத்தார். ஆயினும் பாண்டவர் அனைத்தையும் துறந்து இறுதிப் பயணம் புறப்பட்டபோது, அர்ஜுனன் அந்த வில்லை மட்டும் விடாமல் எடுத்துச் சென்றான். காண்டவ வனத்தில், ஸ்ரீகிருஷ்ணருக்குச் சக்கரம் கிடைத்த அதே வேளையில் கிடைத்த வில் அது. கடற்கரையில் அக்கினிதேவன் வழிமறித்து, சக்கரம் ஏற்கெனவே சென்றுவிட்டது, வில்லும் வருணனிடம் திரும்பட்டும் என்றான். சகோதரர்களும் வற்புறுத்தினர். அர்ஜுனன் காண்டீவத்தையும் இரு அம்பறாத்தூணிகளையும் நீரில் எறிந்துவிட்டு, அவர்களோடு நடந்தான்.