வாசற்படியிலிருந்து வரையுங்கள்

அன்புள்ள இளம் கட்டடக் கலைஞருக்கு,

திருவண்ணாமலைக்குப் புதிய காவல் நிலையம் வரையும் வேலை உங்களிடம் வந்தால், முகப்பை முதலில் வரைய வேண்டாம். இரவு பதினொரு மணிக்குக் கையில் மனுவோடு வந்து, பாரா நிற்பவரைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்தப் படியில் ஏறுவார், எங்கே உட்காருவார், யாரிடம் பேசுவார்? முதல் கோடு அதுதான். இன்ஸ்பெக்டர் அறை எங்கே என்பதெல்லாம் பிறகு.

இந்த ஊருக்கு இரண்டு அளவுகள் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 1,45,000 பேர். 2024இல் ஊர் மாநகராட்சியாகிவிட்டது. பௌர்ணமி இரவிலோ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று கூட்டம் இன்னும் பெருகும். சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் வரப்புத் தகராறும் கொடுக்கல் வாங்கலும் பேசப்படும் அதே கூடத்துக்கு, பௌர்ணமி நள்ளிரவில் கை நழுவிய குழந்தையும், செல்போனைப் பறிகொடுத்தவரும், தெலுங்கு மட்டுமே தெரிந்த பாட்டியும் வருவார்கள்.

அந்த ஓர் இரவுக்காகப் பெரிய கட்டடம் எழுப்பினால் மற்ற நாட்களில் அது வெறிச்சோடிக் கிடக்கும். ஜப்பானில் தெருமுனைதோறும் ‘கோபன்’ என்ற சிறு காவல் சாவடிகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. வழி கேட்பவரும் பொருளைத் தொலைத்தவரும் முதலில் போவது அங்கேதான். கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. வெளியூர்க்காரருக்கும் அடையாளம் சொல்ல எளிதான இடங்கள். அவற்றையொட்டிச் சாவடிகளை வைத்து, நிலையத்தை அவற்றின் தாய்வீடாகத் திட்டமிடலாம்.

அடுத்தது மனை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு உடைந்து இதே ஊரின் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ‘அடிவாரத்தில் அரசு நிலம் சும்மா கிடக்கிறது’ என்று யாராவது காட்டினால் அந்த நாளை நினைவூட்டுங்கள். பேரிடரில் முதலில் கிளம்ப வேண்டிய வண்டி மண்ணுக்கடியில் சிக்கிவிடக் கூடாது. தேரோடும் மாட வீதியில் மட்டும் வாசல் வைத்தாலும் தேரன்று ஜீப் நகராது. இன்னொரு சாலையைத் தொடும் வழி கட்டாயம் வேண்டும்.

உள்ளே மனுதாரரின் தடமும் கைதானவரின் தடமும் குறுக்கிடவே கூடாது. இது வெறும் வசதிக்காகச் சொல்வதல்ல. பாதிக்கப்பட்ட குழந்தை எந்த நிலையிலும் குற்றம் சாட்டப்பட்டவரை எதிர்கொள்ளாதபடி காவல்துறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். ஒரே நடைபாதையை வரைந்துவிட்டு, சட்டத்தைக் காப்பாற்றும் பாரத்தை ஏட்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கைதானவருக்குத் தனி வழி என்றால் அது மறைவு வழியாகிவிடக் கூடாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றாடம் தாமாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பதிவு செய்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வாசல், லாக்கப், நடைபாதை, வரவேற்பிடம், அதிகாரிகளின் அறைகள், பின்புறம் என எல்லா இடங்களிலும் கேமரா வைக்கச் சொன்னது. இரவிலும் படம் பிடிக்க வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவு குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்றது. எனவே கேமராவின் இடத்தையும் வயர் போகும் வழியையும் முதல் வரைபடத்திலேயே குறியுங்கள். கேமரா எட்டாத மூலை வரைபடத்தில் தெரிந்தால், அந்தச் சுவரை நகர்த்துங்கள். லாக்கப் ரைட்டர் மேசையிலிருந்து நேராகக் கண்ணில் படட்டும். காற்றும் வெளிச்சமும் கழிப்பறையும் அதற்குள் இருக்கட்டும்.

பறிமுதல் வண்டிகளை மறந்துவிடாதீர்கள். துருப்பிடித்த பைக்குகள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது தமிழகமெங்கும் பழகிய காட்சி. வண்டிகளை நிலையத்தில் நெடுங்காலம் போட்டுவைக்கக் கூடாது, படமெடுத்துப் பதிவு செய்து விடுவிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே வழி சொல்லிவிட்டது. அதுவரை அவை நிற்கக் கூரையோடு தனி இடம் ஒதுக்குங்கள். முன்முற்றத்தை வேப்பமரத்துக்கும், நிழலில் ஒரு திண்ணைக்கும், 1:12 சரிவுள்ள சாய்தளத்துக்கும் விட்டுவையுங்கள்.

காவலர்களும் அந்தக் கட்டடத்தில் வாழ்கிறவர்கள். தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல். தீபத்துக்கு வெளி மாவட்டங்களிலிருந்து வந்து மணிக்கணக்கில் நிற்கும் பெண் காவலருக்கு உடை மாற்றவும் கொஞ்சம் படுக்கவும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை தேவை. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது அதுவாக இருக்கக் கூடாது.

காவல் நிலையங்களைக் கட்டுவது 1981இல் தொடங்கிய தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகத்தின் பணி. முன்பு கட்டியவற்றில் எங்கே ஒழுகியது, எந்த அறை கிடங்காக மாறியது என்று அங்குள்ள பொறியாளர்களிடம் கேளுங்கள். பிறகு அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பகலும் ஒரு பௌர்ணமி இரவும் ரைட்டர் மேசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை பேர் நின்றுகொண்டே காத்திருந்தார்கள், எத்தனை பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள், எத்தனை பேர் வாசல்வரை வந்து திரும்பிப் போனார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டோடு வரைபடப் பலகைக்கு வாருங்கள்.

அன்புடன்,
மூத்த தோழர் ஒருவர்