ஆர்க்டிக்கில் ஓர் உடையார்பாளையம்

ஏரிக் கரை, வார்டு எல்லை, கல்வெட்டு கிடக்கும் இடம் என எதைக் கணினியில் வரைந்தாலும் அதை ஏதாவது ஒரு கோப்பு வடிவத்தில்தான் சேமிக்க வேண்டும். “மேப் ஃபைல்தானே, எதில் இருந்தால் என்ன?” என்ற அலட்சியம் ஓர் ஊரையே பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிடும். அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையத்தை வைத்தே பார்க்கலாம்.

நம்பிக்கை: கூகுள் மேப்பில் கிடைத்த இரண்டு எண்களை அப்படியே கோப்பில் போட்டால் போதும்.

போதாது. உடையார்பாளையம் ஏறத்தாழ 11.2 பாகை வடக்கு அட்சரேகையிலும் 79.3 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. கூகுள் மேப் அட்சரேகையை முதலில் காட்டும். 2004இல் கூகுள் வாங்கிய கீஹோல் நிறுவனத்திலிருந்து வந்த கேஎம்எல் வடிவமோ தீர்க்கரேகையைத்தான் முதலில் கேட்கும். ஜியோஜேசனும் அப்படியே, 2016இல் வெளியான அதன் தரநிலை இந்த வரிசையைத் தெளிவாகவே சொல்கிறது. 11.2, 79.3 என்று பார்த்தபடியே எழுதினால் மென்பொருள் முனகக்கூட முனகாது. ஊரைத் தூக்கிக்கொண்டுபோய் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் வைத்துவிடும். அந்த இடத்திலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டருக்குள், 2008இல் திறக்கப்பட்ட இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையம் ‘ஹிமாத்ரி’ இருக்கிறது. பக்கத்தில் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் ஒரே ஆறுதல்.

கவுகாத்தியில் இதே தவறு நடந்தால் பிடிபட வாய்ப்புண்டு. அந்த ஊரின் தீர்க்கரேகை 91 பாகைக்கு மேல். அட்சரேகையோ 90ஐத் தாண்டாது. தமிழ்நாடு முழுவதும் 76க்கும் 81க்கும் நடுவில் இருப்பதால் நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நம்பிக்கை: ஷேப்ஃபைல் என்பது ஒரே ஒரு ஃபைல்.

பெயரை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம். எஸ்ரி நிறுவனம் உருவாக்கி 1998இல் விளக்கக் குறிப்பு வெளியிட்ட இந்த வடிவத்துக்குக் குறைந்தது மூன்று கோப்புகள் வேண்டும். உருவங்கள் எஸ்எச்பியில், அவற்றின் வரிசைக் குறிப்பு எஸ்எச்எக்ஸில், பெயர், பரப்பு போன்ற அட்டவணை டிபிஎஃபில். எஸ்எச்பியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு “உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு சார்” என்று சொல்வதில் பயனில்லை.

நான்காவதாக வரும் பிஆர்ஜேயைப் பலரும் உதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். எண்கள் எந்த ஆயமுறையில் எழுதப்பட்டவை என்று சொல்வதே அதுதான். பூமியை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் உடையார்பாளையம் 44ஆம் மண்டலம், கோவை 43ஆம் மண்டலம். பிஆர்ஜே தொலைந்த உடையார்பாளையம் கோப்பைப் பெறுபவர் உத்தேசமாக 43 என்று கொடுத்தால், ஊர் ஆறு பாகை மேற்கே நகர்ந்து லட்சத்தீவுக் கடலில் விழும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. டிபிஎஃப் அட்டவணையில் பத்தியின் தலைப்புக்குப் பத்து பைட் மட்டுமே இடம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள். ‘ஊர்’ என்ற தலைப்பு ஒன்பது பைட்டில் அடங்கிவிடும். ‘வட்டம்’ 18 பைட், நுழையாது. ஊர்ப்பெயரை எழுதும் பத்திக்கு யாரோ 20 பைட் அகலம் வைத்திருந்தால், 42 பைட் கேட்கும் ‘உடையார்பாளையம்’ ‘உடையார’ என்பதோடு நின்றுபோகும். புள்ளி வைக்கக்கூட இடமிருக்காது.

இதற்கு மாற்று வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. 2014இல் தரநிலையான ஜியோபேக்கேஜ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கிறது. பத்து பைட் கட்டுப்பாடும் கிடையாது. இலவச மென்பொருளான க்யூஜிஸ் 2018இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து இதையே முதல் தேர்வாக வைத்திருக்கிறது. இன்னும் ஷேப்ஃபைலையே கேட்டு வாங்குவது பழக்கதோஷம்தான்.

நம்பிக்கை: பிடிஎஃப்பில் மேப் வந்துவிட்டால் அது டிஜிட்டல் மேப்.

பட்டா நிலத்தின் எஃப்எம்பி (புல அளவுப் புத்தக) வரைபடத்தை இன்று வீட்டிலிருந்தே பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதில் புல எண்ணும் பக்க அளவுகளும் இருக்கும். பூமியில் அந்தப் புலம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஆயங்கள் இருக்காது. அதனால் அதை கூகுள் எர்த்தில் போட்டுத் தன் வயலைத் தேட முடியாது. தெரிந்த இடங்களோடு பொருத்தி ஆயங்களையும் சேர்த்து வைக்கும் ஜியோடிஃப் படமாக மாற்றினால்தான் அது நிலத்தில் உட்காரும்.

பொருத்தும்போதும் கவனம் வேண்டும். இந்திய சர்வே துறையின் பழைய டோப்போ ஷீட் வரிசையில் உடையார்பாளையம் 58 எம்/8இல் வரும். அந்தத் தாள்கள் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. கைபேசி ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். ஊர்க் குளம் தெருவுக்குள் வந்து நிற்கும்.

நம்பிக்கை: வடிவம் புதிதென்றால் தகவலும் புதிது.

ஒரு மாவட்ட எல்லைக் கோப்பை ஷேப்ஃபைலிலிருந்து ஜியோபேக்கேஜுக்கு மாற்ற ஒரு நிமிடம் போதும். உள்ளே இருக்கும் எல்லைக்கு வயது குறையாது. அரியலூர் மாவட்டம் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பர் 23இல் மறுபடி தனியானது. இடைப்பட்ட காலத்துக் கோப்பில் உடையார்பாளையம் பெரம்பலூர் மாவட்டத்தில்தான் இருக்கும். வட்டத்தின் எல்லையும் அப்படியே. ஆண்டிமடம் தனி வட்டமாகப் பிரிவதற்கு முந்தைய கோப்பில் அந்த ஊர்களும் உடையார்பாளையம் கணக்கிலேயே வரும்.

ஆகவே வரைபடக் கோப்பை அனுப்புகிறவர்கள், எந்த ஆண்டின் எல்லை, எந்த ஆயமுறை என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு எல்லாத் துண்டுகளையும் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள்.