நாட்டிங் ஹில் கார்னிவல்: முகமூடி பார்க்கப் போகிறவர்களுக்கு

தவக்காலம் பிறப்பதற்கு முந்தைய திங்களும் செவ்வாயும் டிரினிடாட் தீவே வேஷம் கட்டித் தெருவில் ஆடும். அதே ஆட்டத்தை லண்டனில் பார்க்க, ஆகஸ்ட் கடைசித் திங்களையும் அதற்கு முந்தைய ஞாயிறையும் ஒதுக்கி வையுங்கள்.

போவதற்கு முன்

டிரினிடாட்டில் பிரெஞ்சுப் பண்ணையார்கள் முகமூடி விருந்து நடத்தியபோது, அடிமைகளுக்கு அதில் இடமில்லை. விடுதலை பெற்றதும் அவர்கள் அந்த எஜமானர்களைப் போலவே வேஷமிட்டுத் தெருவில் இறங்கினார்கள். 1881-இல் ஆங்கிலேயப் போலீஸ் ஒடுக்க வந்தபோது எதிர்த்து மோதினார்கள். லண்டன் கதை பிறகு தொடங்குகிறது: 1958-இல் அங்குள்ள நாட்டிங் ஹில்லில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள். அதற்குப் பதிலாக, அடுத்த ஜனவரி 30 அன்று, டிரினிடாட்டில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் செயின்ட் பாங்க்ரஸ் டவுன் ஹாலுக்குள் கார்னிவல் நடத்தினார். 1966-இல் ரோன் லாஸ்லெட் ஏற்பாடு செய்த விழா தெருவுக்கு வந்தது. கிளாடியாவின் கல்லறை ஹைகேட்டில், கார்ல் மார்க்ஸ் கல்லறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கார்னிவலுக்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

எதைப் பார்ப்பது

ஞாயிறு விடிகாலை 'ஜூவே'. ஆடுபவர்கள் முகமெல்லாம் வண்ணமும் பவுடரும் சாக்லேட்டும் பூசிக்கொள்வார்கள். உங்கள் மீதும் படும், பழைய துணியில் போங்கள். பகலில் இறகும் ஜிகினாவும்தான் அதிகம். அவற்றுக்கு நடுவே பழைய வேஷங்களைத் தேடுங்கள். 'டேம் லொரேன்' முகமூடி போட்டு, மார்பிலும் பின்புறத்திலும் துணி திணித்து, பண்ணையார் மனைவியைப் போல ஒயிலாக நடந்து கேலி செய்யும். 'மோகோ ஜம்பி' நம் மரக்காலாட்டம்போல உயரக் கட்டைக்கால்களில் வரும். 'மிட்நைட் ராபர்' அகன்ற தொப்பியுடன் வழிமறித்து வீரவசனம் பேசும். நின்று முழுக்கக் கேளுங்கள்.

நடைமுறை

குழந்தைகளோடு என்றால் ஞாயிறு. திங்களன்று நெரிசல் அதிகம். ஒலிபெருக்கிகள் காதைப் பிளக்கும், பிள்ளைகளுக்குக் காதடைப்பான் அவசியம். லாட்புரோக் குரோவ் நிலையத்தை மூடிவிடுவார்கள். சற்றுத் தள்ளி இறங்கி நடப்பதே நல்லது. பசித்தால் டிரினிடாட் ரொட்டியும் கறியும் வாங்குங்கள். 1845 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர் கொண்டுசென்ற சமையல் அது. வேஷக்காரர்களைத் தொடாதீர்கள், படம் எடுக்கக் கேட்டால் நின்று கொடுப்பார்கள். கிரென்ஃபெல் குடியிருப்புக் கட்டடத் தீ விபத்தில் இறந்த 72 பேருக்காக, பிற்பகல் 3 மணிக்கு 72 விநாடி எல்லா இசையும் நிற்கும். நீங்களும் நில்லுங்கள்.

நீங்களே வேஷம் கட்ட ஆசையென்றால், சில மாதம் முன்பே 'மாஸ்' எனப்படும் வேஷக் குழு ஏதாவது ஒன்றில் பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள். தடைகளை மீறி இவ்வளவு தூரம் வந்த ஆட்டம் இது. ஓரமாக நின்று பார்ப்பதைவிட உள்ளே இறங்கி ஆடினால்தான் அதன் அருமை தெரியும்.